முதலில் அமைதி, பிறகு இசை

திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் சாலையில் திருமுருகன்பூண்டியைக் கடந்து போகிறவர் எவராயினும், சாலையோரச் சிற்பக்கூடங்களில் கருங்கல்லை அறுக்கும் இயந்திரத்தின் கூரிய கீச்சொலியையும், சற்றே உள்ளடங்கிய தெருக்களில் நிட்டிங் மெஷின்கள் இரவு பகல் ஓயாமல் எழுப்பும் முழக்கத்தையும் கேளாமல் போவதற்கில்லை. இவ்விரண்டு சப்தங்களுக்கும் நடுவே பிறந்து, வளர்ந்து, பிழைப்பும் தேடிக்கொண்ட இளைஞர்கள், ஷிப்டு முடிந்து வீடு திரும்பும் பேருந்தில் ஏறி உட்கார்ந்ததும் முதற்காரியமாக இயர்போனை எடுத்துக் காதில் செருகிக்கொள்வது இன்று சர்வசாதாரணம். அதில் குறை காண நான் முற்படவில்லை. நாள் முழுவதும் இயந்திரத்தின் சப்தத்தையே கேட்ட செவிக்கு ஒரு பாட்டின் சுகம் நியாயமாகக் கிடைக்க வேண்டியதே. ஆனால் நான்கு காசு சேர்ந்து, நல்ல இயர்போன் ஒன்று வாங்கலாம் என்று கடைக்குப் போகிறவர் ஒவ்வொருவரும் ‘சவுண்டு எப்படி இருக்கும்?’ என்றே முதலில் கேட்கிறார்கள். இந்தப் பிரதேசத்தில் வசிப்பவர் முதலில் கேட்க வேண்டியது, அது வெளிச் சத்தத்தை எவ்வளவு தடுக்கும் என்பது. இரண்டாவதாகக் கேட்க வேண்டியது, காது அதை எத்தனை நேரம் உறுத்தலின்றித் தாங்கும் என்பது. நாதத்தின் மேன்மை மூன்றாவதாக வந்தால் போதும் என்பதே என் அபிப்பிராயம்.

இவ்வரிசைக்குக் காரணம் உண்டு. பேருந்து எஞ்சினின் உறுமலுக்கு மேலே பாட்டுக் கேட்க வேண்டுமானால் பாட்டை அந்த உறுமலைவிடப் பெரிதாக வைத்தாக வேண்டும். அப்படி வைப்பது தவறென்று கேட்பவருக்குத் தோன்றுவதுமில்லை, ஏனெனில் இரைச்சலின் நடுவே உரத்த சப்தமும் அளவானதாகவே ஒலிக்கிறது. உலக சுகாதார நிறுவனம், 80 டெசிபல் அளவில் வாரத்துக்கு 40 மணி நேரம் கேட்பதையே பாதுகாப்பின் எல்லையாக வகுத்திருக்கிறது. டெசிபல் கணக்கில் மூன்று கூடினால் சப்தத்தின் சக்தி இரட்டிப்பாகிறது. ஆகையால் 83 டெசிபலில் அந்த எல்லை 20 மணி நேரமாகவும், 86 டெசிபலில் 10 மணி நேரமாகவும், 89 டெசிபலில் 5 மணி நேரமாகவும் சுருங்கிவிடுகிறது. ஏற்கெனவே எட்டு மணி நேரம் மெஷின் அருகே நின்றுவிட்டு வருகிறவருக்கு அந்த வாரக் கணக்கில் மிச்சம் என்ன இருக்கும்? வெளிச் சத்தத்தை இருபது டெசிபல் குறைத்துத் தரும் இயர்போன் அவருக்குச் செய்யும் உபகாரம், பாட்டை மெதுவாக வைத்தே முழுமையாகக் கேட்கச் செய்வதுதான்.

காதுக்குள் செருகும் இந்தச் சாதனத்தின் சரித்திரத்தைப் பார்த்தாலும், அதை உருவாக்கியவர்கள் தடுப்பையே முதலில் நினைத்தார்கள் என்பது விளங்கும். 1991-ல் எடிமாட்டிக் நிறுவனத்தின் மூலம் ஈஆர்-4 என்ற இயர்போனை வெளியிட்ட மீட் கில்லியன், செவிப்புலக் கருவிகளிலும், இசைக்கலைஞர்கள் காதில் வைத்துக்கொள்ளும் அடைப்பான்களிலும் உழைத்துத் தேர்ந்த விஞ்ஞானி. மூன்று அடுக்குக் குடைபோன்ற நுனியோடு காதின் ஆழத்தில் போய் அமரும் அவருடைய இயர்போன், மின்கலமோ மின்னணு மாயமோ இல்லாமலே வெளிச் சத்தத்தை 35 டெசிபல் அளவுக்குக் குறைத்தது. 1995-ல் ஜெரி ஹார்வி என்ற ஒலிப்பொறியாளர், வான் ஹேலன் குழுவின் டிரம்ஸ் கலைஞர் அலெக்ஸ் வான் ஹேலனுக்காக இயர்போன் செய்து கொடுத்ததற்கும், மேடையின் பேரிரைச்சலில் தன் வாத்தியத்தைத் தானே கேட்க முடியாமல் தவித்த ஒரு கலைஞரின் அவஸ்தைதான் காரணம்.

இனி நாதத்தைப் பற்றி. தடுப்பும் நாதமும் வெவ்வேறு குணங்கள் என்று நினைப்பவர்கள் ஒரு சிறு பரிசோதனை செய்து பார்க்கலாம். நல்ல கச்சேரிப் பதிவில் தனி ஆவர்த்தனம் வரும் இடத்தை ஒலிக்கவிட்டு, காதில் செருகிய இயர்போனை விரலால் ஒரு நூலிழை அளவு மட்டும் வெளியே இழுத்தால், மிருதங்கத்தின் வலந்தலை அப்படியே கேட்டுக்கொண்டிருக்க, தொப்பியின் கும்காரம் மட்டும் எங்கோ மறைந்துபோகும். காதுக்கும் நுனிக்கும் இடையே காற்றுப் போகச் சிறு சந்து இருந்தாலும் தாழ்ந்த ஒலிகள் அதன் வழியே கசிந்துவிடுகின்றன. லட்ச ரூபாய் கொடுத்து வாங்கிய இயர்போனில் ‘பேஸ் இல்லை’ என்று குறைப்படுகிறவர்களில் பலருக்குக் குறை கருவியில் இல்லை. பெட்டியில் கூடவே வந்த சிறிய, பெரிய நுனிகளைத் தொடாமல், ஏற்கெனவே மாட்டியிருந்த நடுத்தர நுனியோடு திருப்தியடைந்துவிட்டதில்தான் இருக்கிறது. இரண்டு காதுகளும் ஒரே அளவாக இருக்கும் என்ற நிச்சயமும் இல்லை. வலது காதுக்கு நடுத்தரமும் இடது காதுக்குச் சிறியதும் பொருந்துவது சகஜம்.

போம் நுனியைப் பொருத்துவதற்கும் ஒரு முறை இருக்கிறது. அதை விரல்களுக்கிடையே உருட்டி மெல்லியதாக்கி, மற்றொரு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காது மடலை மேலும் பின்னுமாக இழுத்துப் பிடித்து, வளைந்த துவாரம் நேரானதும் உள்ளே செலுத்தி, அரை நிமிஷம் விரலை எடுக்காமல் வைத்திருக்க வேண்டும். போம் மெதுவாக விரிந்து துவாரத்தின் சுவரைத் தொடத் தொட, மின்விசிறியின் ஒலி விலகி விலகிப் போவதை அனுபவத்தில் உணரலாம். இந்த அரை நிமிஷப் பொறுமை இல்லாதவருக்கு எந்த உயர்ந்த இயர்போனும் பிரயோஜனப்படாது.

நாய்ஸ் கேன்சலேஷன் என்று இன்று விளம்பரப்படுத்தப்படும் உபாயம் இதிலிருந்து வேறுபட்டது. 1978-ல் ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் பறந்துகொண்டிருந்த அமர் போஸ், அங்கே கொடுத்த ஹெட்போனில் எஞ்சின் இரைச்சல் இசையை விழுங்குவதைக் கண்டு, அந்தப் பிரயாணத்திலேயே இதற்கான கணக்கைப் போடத் தொடங்கினார். கல்கத்தாவிலிருந்து அமெரிக்கா சென்ற சுதந்திரப் போராட்ட வீரர் ஒருவரின் புதல்வர் அவர். சிறு மைக் ஒன்று வெளிச் சத்தத்தைக் கேட்டு, அதற்கு நேர்மாறான அலையைக் காதுக்குள் உண்டாக்க, இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஆனால் இந்தக் கணக்கு, பேருந்தின் உறுமல், ஏர்-கண்டிஷனரின் முனகல் போன்ற தாழ்ந்த, மாறாத சப்தங்களில் நன்றாகப் பலிக்கிறதே தவிர, கல்லறுக்கும் இயந்திரத்தின் கூரிய கீச்சொலியில் பலிப்பதில்லை. அந்த உயர்ந்த ஒலிகளைத் தடுப்பது நுனியின் இறுக்கம் ஒன்றே.

இன்றைய உயர்தரக் கருவிகளைப் பற்றி என் தீர்மானத்தையும் சொல்லிவிடுகிறேன். தினமும் பேருந்திலும் ரயிலிலும் போகிறவருக்குப் போஸின் குவையட் கம்ஃபர்ட் அல்ட்ரா இயர்பட்ஸே முதலிடம் பெறத் தகுதியானது. மூன்று அளவு நுனிகளும், காது மடலில் பிடித்து நிற்க மூன்று அளவு பட்டைகளும் கொடுத்திருப்பதால் உறுத்தலும் குறைவு. சோனியின் டபிள்யூஎஃப்-1000எக்ஸ்எம்5, போம் போன்ற நுனிகளை நான்கு அளவில் தருவதோடு, நாதத்தில் போஸைவிட ஒரு படி மேலே நிற்கிறது. வீட்டில் அமைதியான அறையில் அமர்ந்து கேட்பவருக்கு, அலுமினியத்தைக் குடைந்து செய்த உடலும் 7 மில்லிமீட்டர் டிரைவர் ஒன்றும் மட்டுமே கொண்ட சென்ஹைசர் ஐஇ 900, வீணை மீட்டலின் அதிர்வு அடங்கும் வரை தொடரும் இழையைக்கூடக் காட்டிவிடும். ஆனால் ஒரு லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள அதைத் திருப்பூர் பேருந்தில் கேட்பது அந்த விலைக்குச் செய்யும் துரோகம். தடுப்பை மட்டும் நாடுபவருக்கு எடிமாட்டிக்கின் ஆழ்ந்த நுனிக்கு ஈடில்லை. ஆயினும் அது காதுக்குள் அவ்வளவு தூரம் போவதைப் பலரால் சகிக்க முடிவதில்லை, தங்கள் காலடியோசையும் முறுக்குக் கடிக்கும் சத்தமும் தலைக்குள்ளேயே முழங்குவதையும் அவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

சௌகரியத்தைப் பற்றி வெளிநாட்டு விமர்சகர்கள் எழுதாத ஒன்று நம் ஊருக்கு உண்டு. சித்திரை வெயிலில் வேர்த்த காதை மணிக்கணக்கில் அடைத்து வைத்தால் ஈரம் தங்கிப் பூஞ்சைத் தொற்று வர இடமுண்டு; பனியன் கம்பெனியின் பஞ்சுத்தூசி இயர்போனின் மெல்லிய வலையில் படிந்து, ஒரு பக்கத்து ஒலியை மெள்ள மெள்ளக் குறைத்துவிடுகிறது. வாரம் ஒருமுறை நுனியைக் கழற்றிக் கழுவி உலர்த்துவதும், வலையை உலர்ந்த மெல்லிய பிரஷ்ஷால் துடைப்பதும் இங்கே தவிர்க்க முடியாத கடமைகள். மணிக்கு ஒருமுறை கழற்றிக் காதுக்குக் காற்று காட்டுவதும் நல்லது. சாலையில் நடக்கும்போதும் வண்டி ஓட்டும்போதும் இயர்போனை அணியவே கூடாது.

இவ்வளவும் காசு கொடுத்து அமைதியை வாங்க முடிந்தவர்களுக்கு. எனக்கு உண்மையில் கவலையளிப்பது மற்றவர்களுடைய காது. பூண்டி திருமுருகநாதர் கோயிலின் ஸ்தல வரலாறு, சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய திரவியங்களை வேடுவர்களிடம் பறிகொடுத்த சுந்தரர், இவ்வூரில் பதிகம் பாடி அவற்றைத் திரும்பப் பெற்றார் என்று கூறுகிறது. செவிச்செல்வம் அப்படித் திரும்புவதில்லை. ஒவ்வொரு உட்காதிலும் பிறவியிலே அமைந்த சுமார் 15,000 நுண்ணிய ரோமச் செல்கள் இரைச்சலால் மடிந்தால் மறுபடி முளைப்பதில்லை. முதலில் போவது உயர்ந்த ஒலிகள். பேரக்குழந்தை பேசுவது காதில் விழுகிறது, ஆனால் என்ன சொல்கிறது என்று விளங்குவதில்லை. ஐம்பது வயதில் இப்படி ஆன தொழிலாளியை, ‘காது மந்தம்’ என்று வீட்டார் சலித்துக்கொள்வதோடு விஷயம் முடிந்துவிடுகிறது.

இரைச்சலால் வரும் செவித்திறன் இழப்பை, 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணை, அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டிய தொழில் நோய்களில் ஒன்றாகச் சேர்த்தது. காதுப் பாதுகாப்புச் சாதனங்களுக்கு ஐஎஸ் 9167 என்ற இந்தியத் தர விதியும் இருக்கிறது. ஆனால் நான்கைந்து பேர் உளியும் கிரைண்டருமாக உட்கார்ந்திருக்கும் ஓலைக் கொட்டகைக்குள் எந்த அட்டவணையும் எட்டிப் பார்ப்பதில்லை. பாட்டுக் கேட்கும் இயர்பட்ஸை மாட்டிக்கொண்டு கல் அறுக்கும் இளைஞர், தாம் பாதுகாப்பாக இருப்பதாக நினைக்கிறார். இரைச்சலுக்கு மேலே பாட்டை உயர்த்தி வைத்திருப்பதால் அவருடைய காதுக்கு இரட்டைச் சேதம் நேர்கிறது.

போம் அடைப்பான் ஒரு ஜோடி இருபது ரூபாய் அளவில் கிடைக்கிறது. காதை முழுவதும் மூடும் இயர் மஃப் சில நூறு ரூபாய். நிட்டிங் கம்பெனி முதலாளிகளும், சிற்பக்கூடங்களை நடத்துகிற ஸ்தபதிகளும் இவற்றைத் தங்கள் ஆட்களுக்கு வாங்கிக் கொடுத்து, அணியும் முறையையும் பொறுமையாகக் காட்டித் தர வேண்டும். பூண்டியிலேயே ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது, மெஷின் அருகே வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் வருஷம் ஒருமுறை அங்கே செவித்திறன் பரிசோதனை நடைபெற, தொழிற்சங்கங்களும் ஏற்றுமதியாளர்களும் சேர்ந்து ஏற்பாடு செய்ய வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.