பதின்மூன்று வயதில் செஸ் தொடங்கிய பிள்ளையை நிறுத்தாதீர்கள்

பெங்களூர் தொம்மலூரில் சனிக்கிழமை மாலைகளில் பிள்ளைகளை செஸ் வகுப்பில் விட்டுவிட்டு வாசலில் காத்திருக்கும் அம்மா அப்பாக்களே, உங்களோடு நிற்கிறவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன். கொஞ்சம் கடிந்துதான் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2024 டிசம்பர் 12 அன்று சிங்கப்பூரில் டிங் லிரனை வென்று 18 வயதில் குகேஷ் உலக சாம்பியன் ஆனார். அதற்குப் பிறகு நம் அடுக்ககங்களில் எத்தனை வீடுகளுக்கு செஸ் போர்டு வந்தது என்று உங்களுக்கே தெரியும். ஒன்றாவது, இரண்டாவது படிக்கும் குழந்தைகளை நாம் கொண்டுபோய்ச் சேர்த்தோம். எட்டாவது, ஒன்பதாவது படிக்கும் பிள்ளைகளோ தாங்களாகவே கேட்டுச் சேர்ந்தார்கள். இப்போது அந்தப் பெரிய பிள்ளைகளின் பெற்றோர்தான் பயிற்சியாளரைப் படிக்கட்டில் மடக்கிக் கேட்கிறீர்கள்: "சார், இவன் கிராண்ட்மாஸ்டர் ஆவானா?" அவர் நேர்மையாக "கஷ்டம்" என்றால் அடுத்த மாதம் வகுப்பு நின்றுவிடுகிறது. "கண்டிப்பா ஆவான், தனிப்பயிற்சி மட்டும் வேணும்" என்பவர் கிடைத்தால் நான்கு மடங்கு கட்டணம் கட்டி அங்கே மாற்றுகிறீர்கள். இரண்டில் எதைச் செய்தாலும் அடிபடுவது பிள்ளைதான்.

கேட்ட கேள்விக்கு முதலில் நேராகவே பதில் சொல்லிவிடுகிறேன். பதின்மூன்று, பதினான்கு வயதில் காய் நகர்த்தக் கற்ற பிள்ளை உலகின் முதல் வரிசைக்குப் போவது ஏறக்குறைய நடக்காத காரியம். விஸ்வநாதன் ஆனந்துக்கு அவர் அம்மா சுசீலா ஆறு வயதில் ஆட்டம் சொல்லிக்கொடுத்தார். குகேஷ் ஏழு வயதில் கற்று, 12 வயது 7 மாதத்தில் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பிரக்ஞானந்தா இன்டர்நேஷனல் மாஸ்டர் ஆனபோது வயது பத்து, பத்து மாதம். நம் பெங்களூரின் பிரணவ் ஆனந்த் 2022இல் 15 வயதில் இந்தியாவின் 76ஆவது கிராண்ட்மாஸ்டர். நம் பிள்ளைகள் கோட்டை கட்டப் பழகும் வயதில் குகேஷும் பிரக்ஞானந்தாவும் பட்டம் வாங்கி முடித்திருந்தார்கள். 1988இல் விஸ்வநாதன் ஆனந்த் தொடங்கிய இந்திய கிராண்ட்மாஸ்டர் வரிசையில் 2025 ஜூலையில் திவ்யா தேஷ்முக் 88ஆவதாகச் சேர்ந்தார். 140 கோடிப் பேர் உள்ள நாட்டில் முப்பத்தேழு ஆண்டுகளில் 88 பேர்.

ஆராய்ச்சியும் இதையே சொல்கிறது. ஃபெர்னாண்ட் கோபே, கில்லெர்மோ காம்பிடெல்லி என்ற இருவர் அர்ஜென்டினா ஆட்டக்காரர்களை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட முடிவின்படி, 12 வயதுக்குள் தீவிரமாக ஆடத் தொடங்கியவர்களில் சுமார் நால்வருக்கு ஒருவர் சர்வதேசத் தரத்தை எட்டினார். அதற்குப் பிறகு தொடங்கியவர்களில் அது சுமார் ஐம்பத்தைந்து பேருக்கு ஒருவர். பூஜ்யம் இல்லைதான். ஆனால் அந்த ஒருவர் நம் பிள்ளை என்று வைத்துக்கொண்டு குடும்பத்தின் திட்டத்தைப் போட முடியாது.

ரேட்டிங் கணக்கையும் பாருங்கள், பயிற்சியாளர்கள் இதை விளக்குவதே இல்லை. 18 வயது நிறையும் ஆண்டின் முடிவு வரை, 2300க்குக் கீழே இருக்கும் ஆட்டக்காரருக்கு உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே 40 என்ற பெருக்கு எண்ணைக் கொடுக்கிறது. சம ரேட்டிங் உள்ளவரை வென்றால் 20 புள்ளி ஏறும். அந்த வயது தாண்டியதும் பெருக்கு எண் 20 ஆகிவிடும், அதே வெற்றிக்குப் பத்துதான். 2400ஐத் தொட்டவருக்கு வெறும் ஐந்து. ஏழு வயதில் தொடங்கியவனுக்கு வேகமாக ஏறப் பதினோரு ஆண்டுகள் இருக்கின்றன. பதினான்கில் தொடங்கியவனுக்கு நான்கு. அந்த நான்கில்தான் எஸ்.எஸ்.எல்.சி.யும் பி.யு.சி.யும் வருகின்றன. கிராண்ட்மாஸ்டர் பட்டத்துக்கோ 2500 ரேட்டிங்கோடு, 2600 தரத்தில் ஆடிக் காட்டும் மூன்று நார்ம்களும் வேண்டும்.

இதைச் சொன்னால் உடனே விதிவிலக்குகள் வாட்ஸ்அப்பில் வந்து விழுகின்றன. சுல்தான் கான் பெயரைத்தான் அதிகம் அனுப்புகிறீர்கள். பஞ்சாபில் பிறந்த அவர் மேலைநாட்டு விதிகளை இருபது வயதைக் கடந்த பிறகே கற்றார். 1928இல் அகில இந்திய சாம்பியன். 1929, 1932, 1933 மூன்று முறை பிரிட்டிஷ் சாம்பியன். ஹேஸ்டிங்ஸ் போட்டியில் முன்னாள் உலக சாம்பியன் கபபிளாங்காவையே தோற்கடித்தார். ஃபிடே 2024இல் அவருக்கு கௌரவ கிராண்ட்மாஸ்டர் பட்டம் அளித்தது. எல்லாம் உண்மை. ஆனால் நம் நாட்டுச் சதுரங்கத்தை அவர் ஒன்பது வயதிலேயே அப்பாவிடம் கற்றவர். அந்த ஆட்டத்தில் சிப்பாய்க்கு முதல் நகர்வில் இரண்டு கட்டம் கிடையாது, கோட்டை கட்டும் முறை வேறு. யானையும் குதிரையும் அவருக்குப் பத்து ஆண்டுக்கு மேல் பழக்கம். அவரைத் தாமதமாகத் தொடங்கியவர் என்று சொல்வது முறையல்ல.

சீனாவின் யே ஜியாங்சுவான் உண்மையான விதிவிலக்கு. 17 வயதில் செஸ் கற்று, ஏழு முறை சீன சாம்பியனாகி, 1993இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். இன்றைக்கு நூறு ஆண்டுக்கு முந்தைய பெயர்களை விட்டுவிட்டால், இப்படிப்பட்டவர்களை ஒரு கை விரல்களுக்குள் எண்ணிவிடலாம். அவர் வளர்ந்த காலத்தில் கணினி இல்லை, எட்டு வயதுக் குழந்தைகள் ஓப்பனிங்குகளை மனப்பாடமாக ஒப்பிக்கவும் இல்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. மைசூரின் தேஜ்குமார் முப்பது வயதைத் தாண்டிய பிறகு 2017இல் கர்நாடகத்தின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பிரவீண் திப்சே 1997இல் பட்டம் பெற்றபோது அவருக்கும் முப்பதுக்கு மேல். இவர்களுக்குப் பட்டம்தான் தாமதமாக வந்தது. பல்லாண்டுப் போட்டி அனுபவம் அதற்கு முன்னால் இருக்கிறது.

எனவே பதினான்கு வயதுப் பிள்ளையைப் பள்ளியிலிருந்து நிறுத்தி முழுநேரமாக செஸ்ஸில் விடலாமா என்று யோசிக்கும் ஓரிருவருக்குச் சொல்கிறேன்: வேண்டாம். குகேஷின் அப்பா காது மூக்கு தொண்டை மருத்துவர், மகனோடு ஊர் ஊராகப் போவதற்காகத் தன் தொழிலையே நிறுத்தினார். நான்காம் வகுப்புக்குப் பிறகு குகேஷ் முழுநேரம் பள்ளிக்குப் போகவில்லை. அந்தத் துணிச்சலுக்கு அடியில், எல்லோர் கண்ணுக்கும் தெரிந்த அசாதாரணத் திறமை இருந்தது. ஆசையை மட்டும் வைத்துக்கொண்டு நாம் அதைச் செய்யக் கூடாது.

சரி, மேலே போக முடியாதென்றால் எதற்கு ஆட வேண்டும் என்று கேட்கிறீர்களே, அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. பதினான்கு வயதுப் பெண் வயலின் கற்க ஆசைப்பட்டால், மியூசிக் அகாடமி மேடை ஏறுவாளா என்று கேட்டுவிட்டா சேர்க்கிறோம்? செஸ்ஸுக்கு மட்டும் ஏன் முதல் நாளிலேயே உலக சாம்பியன் கணக்கு? ரேட்டிங் என்ற எண் கண்ணெதிரே இருப்பதால் பிள்ளையைப் பங்குச் சந்தை போலப் பார்க்கப் பழகிவிட்டோம்.

போட்டி அரங்கில் ஒரு நாள் பொறுமையாக நின்று பாருங்கள். ஸ்விஸ் முறையில் வென்றவர்கள் மேல் பலகைகளுக்குப் போக, தோற்றவர்கள் கடைசி மேசைகளுக்கு வருவார்கள். அங்கே உங்கள் ஒன்பதாம் வகுப்புப் பையன் உட்கார்ந்திருப்பான். எதிரே நாற்காலியில் முழங்காலிட்டு நிமிர்ந்தால்தான் பலகை எட்டும் எட்டு வயதுக் குழந்தை. அந்தக் குழந்தைக்கு மூன்று ஆண்டுப் பயிற்சி, இவனுக்கு எட்டு மாதம். இருபத்தைந்தாவது நகர்வில் குதிரை ஒன்று போய்விடும். இவனுக்குக் காது சிவக்கும். ஆனாலும் கை கொடுத்து, ஸ்கோர் ஷீட்டில் கையெழுத்துப் போட்டு, காய்களை அடுக்கிவைத்துவிட்டு வெளியே வருவான். வாசலில் நீங்கள் என்ன சொல்கிறீர்கள்? "போயும் போயும் இந்தப் பொடியன்கிட்டயா தோத்த?" சொல்வது மட்டுமில்லை, பக்கத்தில் நிற்கும் பெற்றோர் காதில் விழும்படி சொல்கிறீர்கள், சிரிக்கிறீர்கள்.

மீசை அரும்பும் வயதில், சின்னக் குழந்தையிடம் எல்லோர் முன்னாலும் தோற்று, மறுநாள் காலை ஒன்பதரை மணிச் சுற்றுக்கு மீண்டும் வந்து உட்காருவது லேசான காரியமா? நம்மில் எத்தனை பேர் அலுவலகத்தில் அப்படி உட்காருவோம்? ஆறு வயதுக் குழந்தையை நாம் கையைப் பிடித்து இழுத்துவந்தோம். இந்தப் பிள்ளை தானே கேட்டு வந்தது, தோல்வி தெரிந்தும் வருகிறது. அந்த ஒன்றுக்காகவே மரியாதை கொடுக்க வேண்டும். அது தொடங்கிய வயதைக் குற்றமாகச் சொல்கிறீர்கள். ஆறு வயதில் சேர்க்காதது நாம்தானே, பிள்ளையா?

அந்தப் பிள்ளைக்கு எட்டக்கூடிய உயரமும் நிறையவே இருக்கிறது. நான்கைந்து ஆண்டு விடாமல் ஆடி, தோற்ற ஆட்டங்களை உட்கார்ந்து அலசிப் பார்க்கும் பிள்ளை 1800ஐ நெருங்குவது நடக்கக்கூடிய காரியம் என்பது என் எண்ணம். 2000 கடினம், ஆனால் கனவு இல்லை. பள்ளி அணி, கல்லூரி அணி, பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டி என்று ஆடுவதற்கு இடமும் உண்டு. இங்கிலாந்தின் ஜொனாதன் ஹாக்கின்ஸ் பதின்ம வயது முடியும்போது சாதாரண கிளப் ஆட்டக்காரர்தான். இறுதியாட்டங்களை ஊன்றிப் படித்து மேலேறி, 2014இல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். அவர் வேறு சூழலில் வளர்ந்தவர், அவரைப் போல ஆகச் சொல்லவில்லை. முன்னேற்றம் பதினைந்தோடு நின்றுவிடாது என்பதற்காகச் சொல்கிறேன். ஆடுவதைவிட ஆட்டத்தை நடத்துவதில் நாட்டம் உள்ளவர்களுக்கு ஆர்பிட்டர் தேர்வுகள் இருக்கின்றன. செஸ்பேஸ் இந்தியா என்ற செஸ் ஊடகத்தை உருவாக்கிய சாகர் ஷா சார்ட்டர்ட் அக்கவுன்டன்ட், இன்டர்நேஷனல் மாஸ்டர். நம் நாட்டில் செஸ் பார்ப்பவர்கள் பெருகியதில் அவர் பங்கு பெரிது.

இதற்கு மாறாக, 1600 ரேட்டிங்குக்குக் கீழே உள்ளோருக்கான போட்டிகளின் பரிசுத் தொகையைக் கணக்கிட்டு, ரேட்டிங் ஏறிவிடக் கூடாதே என்று பிள்ளையை வேண்டுமென்றே தோற்கச் சொல்லும் பெற்றோரையும் பார்த்திருக்கிறேன். அதைவிடக் கேவலமாக ஒரு பிள்ளைக்கு எதுவும் கற்றுக்கொடுக்க முடியாது.

உங்களிடம் நான் கேட்பது அதிகமில்லை. கிராண்ட்மாஸ்டர் ஆக்கிக் காட்டுகிறேன் என்று வாக்குக் கொடுப்பவரை விட்டு விலகுங்கள். தோற்ற ஆட்டத்தைப் பிள்ளையோடு உட்கார்ந்து பார்க்கிற பயிற்சியாளரைத் தேடிப் பிடியுங்கள். சுற்று முடிவதற்குள் போனில் முடிவுகளைப் புரட்டிக்கொண்டே வாசலில் நிற்காமல், பக்கத்தில் போய் ஒரு காபி குடித்துவிட்டு வாருங்கள். பத்தாம் வகுப்பில் வாரத்துக்கு இரண்டு வகுப்பை ஒன்றாகக் குறைக்க வேண்டியிருந்தால் குறையுங்கள், அதையும் பிள்ளையிடம் கேட்டுக் குறையுங்கள். வயது தாண்டிவிட்டது என்று மட்டும் சொல்லி நிறுத்தாதீர்கள். நிறுத்துவதா தொடர்வதா என்பதைத் தொடங்கியவரே சொல்லட்டும், அதுவரை கட்டணத்தைக் கட்டுங்கள்.