ஒரே நாளில் கோல் பெற்ற இருவர்

இரண்டாம் உலகப் போரைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், நம் நண்பர்கள் சிலருக்கு உற்சாகம் பிறந்துவிடும். ரோம்மலின் பாலைவனப் போர், மான்ஸ்டைனின் வியூகம் என்று மணிக்கணக்கில் விவரிப்பர். "கொடியவன் ஹிட்லர்தான்; தளபதிகள் பாவம், ஆணைக்கு அடங்கிய வீரர்கள்!" என்று முடிப்பர். போர்த்திறனை அவர்கள் மெச்சட்டும், நான் தடுக்கவில்லை. அந்த முடிவுரையைத்தான் என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

பீல்டு மார்ஷல் பட்டம் ஜெர்மனியில் எளிதாகக் கிட்டும் பட்டமன்று. போர்க்களத்தில் பெருவெற்றி கண்டவருக்கே அது உரியது என்பது பழைய மரபு. ஹிட்லரோ பிரான்சு வீழ்ந்த பூரிப்பில், 1940 ஜூலை 19 அன்று, 12 பேருக்கு ஒரே நாளில் அப்பட்டத்தை வழங்கினான். பட்டத்தையும் கோலையும் ஊரறியக் கொடுத்தவன், பணத்தை மறைவாகக் கொடுத்தான். சம்பளத்துக்கு மேல் மாதந்தோறும் வரியில்லாத 4,000 மார்க். லேப்புக்கு 1941-இலும், குளூகேக்கு 1942-இலும் பிறந்தநாள் பரிசு என்ற பெயரில் தலைக்கு 2,50,000 மார்க். வாங்கிய கை ஓங்குமா?

"உறுதிமொழி எங்களைக் கட்டிப்போட்டது" என்று போருக்குப்பின் பலர் சமாதானம் சொன்னார்கள். 1934-இல் படையினர் நாட்டின் பெயராலோ சட்டத்தின் பெயராலோ அன்றி, ஹிட்லர் என்ற தனிமனிதனுக்கே உறுதிமொழி எடுத்தது உண்மைதான். ஆனால் அந்தப் பன்னிருவரில் இருவரைப் பாருங்கள்.

ஒருவர் வில்ஹெல்ம் கைட்டல். படைகளின் தலைமை அலுவலகத்தை நடத்தியவர். 'ஏவலாள்' என்று பொருள்படும்படி அவர் பெயரைத் திரித்துச் சக அதிகாரிகளே நகைத்தனர். பிடிபடும் சோவியத் அரசியல் அதிகாரிகளைச் சுட்டுவிடச் சொன்ன 1941 ஜூன் ஆணை அவருடைய அலுவலகத்திலிருந்து போனது. போர்க் கைதிகளை நடத்தும் முறை தவறு என்று உளவுத்துறைத் தலைவர் கனாரிஸ் அதே ஆண்டு எழுத்து மூலமாகவே எடுத்துக்காட்டினார். பழைய வீரநெறி இப்போருக்குப் பொருந்தாது என்று ஓரத்தில் குறிப்பெழுதி ஒதுக்கினார் கைட்டல். ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட சோவியத் வீரர்களில் 30 இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். அறியாமல் செய்தார் என்று எவர் சொல்ல முடியும்?

மற்றவர் எர்வின் ஃபான் விட்ஸ்லேபன். அதே உறுதிமொழி, அதே நாளில் அதே கோல். அவரும் முனிவரல்லர், பிரான்சின்மீது படை நடத்தியவர்தாம். ஆயினும் 1938-லேயே ஹிட்லரைக் கைதுசெய்யத் திட்டமிட்டவர்களுள் ஒருவர். 1944 ஜூலை 20 அன்று ஹிட்லரைக் கொல்ல நடந்த முயற்சி வென்றிருந்தால், படைகளுக்கெல்லாம் அவரே தலைமை ஏற்றிருப்பார். முயற்சி தோற்றது. அவரைப் படையினின்று நீக்கிய மன்றத்தில் அமர்ந்தவர்கள் யார் தெரியுமா? உடன் கோல் பெற்ற ருண்ட்ஸ்டெட்டும் கைட்டலுமே! ஆகஸ்டு 8 அன்று விட்ஸ்லேபன் தூக்கிலிடப்பட்டார்.

ஈராண்டுக்குப்பின் நூரம்பர்க் நீதிமன்றத்தில் கைட்டல் நின்றார். ஆணைக்குக் கீழ்ப்படிந்தேன் என்ற வாதம் எடுபடவில்லை. வீரனுக்குரியபடி சுட்டுக் கொல்லுங்கள் என்று கேட்டார், அதுவும் மறுக்கப்பட்டது. 1946 அக்டோபர் 16 அன்று அவரும் தூக்குமேடை ஏறினார்.

இருவருக்கும் கயிறுதானே முடிவு, பிறகென்ன வேறுபாடு என்று கேட்கலாம். ஒருவர் மறுத்ததற்காக மாண்டார். மற்றவர் மறுக்காததற்காக மாண்டார். மறுக்க வழியே இல்லை என்ற சமாதானத்தை விட்ஸ்லேபனின் சாவு பொய்யாக்கிவிட்டது.

நண்பர்களே, நம்மில் எவரும் பீல்டு மார்ஷல் ஆகப்போவதில்லை. ஆனால் நாளை அதிகாரிகளாகவும் பொறியாளர்களாகவும் மேசைமுன் அமரப்போகிறோம். தவறென்று தெரிந்த ஒரு தாள் கையொப்பத்துக்கு நம்மிடமும் வரும். மேலிடத்து ஆணை என்று அன்று நாம் சொல்லத் துணிந்தால், கைட்டலும் அதைத்தான் சொன்னார் என்பது நினைவிருக்கட்டும்.