ஒரு குருவியின் இனம் எதற்கு?

மலைநாட்டில் இருக்கும் எங்கள் வீட்டுக் கொய்யா மரத்துக்குக் காலையில் பச்சைநிறச் சிறு குருவிகள் கூட்டமாக வரும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் இருப்பதால் அவற்றுக்கு வெள்ளைக்கண்ணி என்று பெயர். ஒருநாள் வந்தவற்றில் சில கடும் பச்சையாக, சற்றுப் பெரிதாக இருந்தன. அலகும் நீளம். வாப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். "எல்லாம் ஒரே குருவிதானே மகள், போய்ப் படிங்க" என்றார்.

வாப்பாவைக் குறை சொல்ல முடியாது. உயிரியல் படிக்கும் நானும் அதுவரை அப்படித்தான் நினைத்திருந்தேன். பாகுபாடு என்ற பாடத்தைப் பரீட்சைக்காக மனனம் செய்கிறோம், பிறகு மறந்துவிடுகிறோம். "ஒரு குருவியை எந்த இனத்தில் சேர்த்தால் நமக்கென்ன?" என்று வகுப்பிலும் கேட்கிறார்கள். நமக்கு நிறையவே இருக்கிறது என்பது எனது கருத்து.

இலங்கையில் இரண்டு வெள்ளைக்கண்ணிகள் உண்டு. ஒன்று இந்தியாவிலும் வாழ்வது. மற்றது பெரும்பாலும் நமது மலைநாட்டில் வாழும் இலங்கை வெள்ளைக்கண்ணி. இத்தீவைத் தவிர உலகில் வேறெங்கும் அது இல்லை. 1872இல் ஹோல்ட்ஸ்வேர்த் என்பவர் அதற்கு விஞ்ஞானப் பெயர் சூட்டினார். இரண்டையும் பார்த்தால் ராத்தாவும் தங்கச்சியும் என்றே தோன்றும். ஆனால் 2017இல் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு ஆய்வாளர்களுடன் சேர்ந்து வெளியிட்ட டீஎன்ஏ ஆய்வு வேறு கதை சொன்னது. இரண்டும் தனித்தனியே இங்கு வந்து சேர்ந்தவை. இலங்கை வெள்ளைக்கண்ணியின் கிளை, அந்தச் சாதியின் வம்ச மரத்தில் அடியிலேயே பிரிந்துவிட்டது. கொய்யா மரத்தில் அருகருகே அமர்ந்திருந்தாலும், அந்த இந்தியக் குருவிக்கு ஆபிரிக்காவின் வெள்ளைக்கண்ணிதான் நெருங்கிய உறவு.

விஞ்ஞானிகள் அடிக்கடி பெயர்களை மாற்றுகிறார்கள், அதை ஏன் நம்ப வேண்டும் என்று சிலர் கேட்கலாம். புதிய சான்று கிடைத்தால் பழைய முடிவைத் திருத்திக்கொள்வது குறையல்ல, நேர்மை.

இரண்டும் ஒன்றே என்று எண்ணினால், நமது மலைக்காடுகள் அழியும்போது "இந்தியாவில் இருக்கிறதுதானே" என்று ஆறுதல் கொள்வோம். தனி இனம் என்று அறிந்த பின் அந்த ஆறுதலுக்கு இடமில்லை. இக்குருவி இன்று அருகிவிடவில்லை. ஆனால் அது வாழும் ஹோட்டன் சமவெளியில் மரங்கள் உச்சியிலிருந்து காய்ந்து மடிவதை ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். இங்கு இழந்தால் எங்கிருந்தும் கொண்டுவர முடியாது.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உயிரியல், வைத்தியராவதற்கு மட்டுமான பாடமல்ல. உங்கள் மகள் ஜன்னலோரம் நின்று ஒரு குருவியைப் பார்த்தால், அவள் நேரத்தை வீணாக்குகிறாள் என்று எண்ணாதீர்கள். தோழிகளே, நீங்களும் அடுத்த முறை பாகுபாட்டைப் படிக்கும்போது புத்தகத்தை மூடிவிட்டு முற்றத்துக்குப் போய்ப் பாருங்கள்.

போன வாரம் வாப்பாவே என்னைக் கூப்பிட்டார். "மகள், இது அந்தக் கடும் பச்சைதானே?"