பட்டறைப் பக்கம்: காருக்குள் ஓர் இரும்பு வளைவு

கிள்ளானிலிருந்து ஒரு தாயார் எழுதியிருக்கிறார். பால் வெட்டியும், பிறகு செம்பனைத் தோட்டத்தில் உதிரிப் பழம் பொறுக்கியும் பிள்ளைகளை ஆளாக்கியவர். மூத்த மகன் கார் பட்டறையில் வேலை செய்கிறான். தன் சேமிப்பில் பழைய மாஸ்டா எம்.எக்ஸ்-5 ஒன்றை வாங்கியிருக்கிறான். துணிக்கூரையும் இரண்டே இருக்கைகளும் உள்ள ஸ்போர்ட்ஸ் கார் அது. அதைச் செப்பாங் பந்தயத் திடலில் ஓட்ட வேண்டுமாம். "உள்ளே ரோல் பார் போடணும், கொஞ்சம் பணம் கொடும்மா" என்று நச்சரிக்கிறானாம். தாயார் கேட்கிறார்: "அந்தக் கம்பியைப் போட்டால் கார் கவிழாதா ஐயா? கவிழாது என்றால் கொடுத்துவிடுகிறேன்." கடிதத்தின் அடியில் இன்னொரு வரி: "அதே காரில்தான் தங்கையைத் தினமும் பிரிக்பீல்ட்ஸ் வேலைக்குக் கொண்டுபோய் விடுகிறான்."

கவிழும் அம்மா. எந்தக் கம்பி போட்டாலும் கவிழ வேண்டிய கார் கவிழத்தான் செய்யும். கவிழ்ந்த பிறகு உள்ளே இருப்பவன் தலைக்கும் தரைக்கும் நடுவே கொஞ்சம் இடம் மிச்சம் இருக்குமா என்பதுதான் கேள்வி. அந்த இடத்தைக் காப்பாற்றத்தான் இந்த இரும்பு.

தோட்டத்தில் இருப்பவர்கள் இதைப் பார்த்திருப்பீர்கள். டிரெக்டர் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் இரண்டு கால் ஊன்றி, தலைக்கு மேல் வளைந்து நிற்குமே, அதே குலம்தான். சரிவிலும் கால்வாய் ஓரத்திலும் டிரெக்டர் புரண்டு ஓட்டுநர்கள் நசுங்கிச் சாவதைக் கண்டுதான் சுவீடன் நாடு 1959-லேயே புதிய டிரெக்டர்களுக்கு இதைக் கட்டாயமாக்கியது. அங்கே அத்தகைய சாவுகள் மிகவும் குறைந்துபோயின. நம் பக்கம் செம்பனை மட்டை தட்டுகிறதென்று வளைவை மடக்கி வைத்துவிட்டு ஓட்டுகிறவர்களும் உண்டு. இடுப்பு வார் கட்டாமல் ஓட்டுகிறவர்கள் அதைவிட அதிகம். வண்டி புரளும்போது ஆள் வெளியே வீசப்பட்டு அந்த வளைவுக்கு அடியிலேயே விழுந்தால், காக்க வந்த இரும்பே எமனாகிவிடும்.

கார்ப் பந்தயம் கிள்ளான் பள்ளத்தாக்குக்குப் புதிதல்ல. பத்து தீகாவைப் பெரியவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1968-இல் திறந்த திடல். பிறகு ஷா ஆலம் திடல் என்று பெயர் பெற்றது. உலக மோட்டார் சைக்கிள் பந்தயங்கள் 1991 முதல் 1997 வரை அங்கே நடந்தன. 2003-இல் அதை இடித்துவிட்டார்கள். செப்பாங் திடல் 1999-இல் வந்தது. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவுகள். கோயம்புத்தூர்க்காரரான நரேன் கார்த்திகேயன் 2005-இல் அங்கே பார்முலா ஒன் பந்தயத்தில் 11-ஆவதாக வந்தார்.

அந்தப் பார்முலா கார்களிலும் ஓட்டுநரின் தலைக்குப் பின்னால் இப்படியொரு வளைவு உண்டு. 2022 ஜூலையில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் திடலில் சீன வீரர் சோ குவான்யூவின் கார் தலைகீழாகத் தரையைத் தேய்த்துக்கொண்டே போனது. பெரும் பொருட்செலவில் கட்டிய காரின் வளைவே அன்று உடைந்துபோயிற்று. 2018 முதல் எல்லாக் கார்களிலும் முன்புறம் பொருத்தப்பட்டிருந்த 'ஹேலோ' என்ற இன்னொரு காப்புதான் அவர் உயிரைக் காத்தது. வளைவு பற்றிய விதிகளை அதன் பிறகு கடுமையாக்கினார்கள். அங்கேயே அப்படியென்றால், பட்டறையில் சனிக்கிழமை சாயங்காலம் அவசர அவசரமாக ஒட்டவைக்கும் கம்பியைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமா?

ஆகவே தம்பி, இனி உன்னோடுதான் பேச்சு.

முதலில் குழாய். தண்ணீர்க் குழாயைத் தொடாதே. துத்தநாகம் பூசிய அந்தக் குழாய் இந்த வேலைக்குப் பிறந்ததல்ல. சுருக்கென மடங்கும், பிளக்கும். அதை வெல்டிங் செய்தால் கிளம்பும் புகை குளிர்க்காய்ச்சலையே கொண்டுவரும். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பழைய கைகள் சொல்வார்கள். அதை நம்பாதே, முகக்கவசமும் காற்றோட்டமும்தான் மருந்து. புகைபோக்கிக் குழாயும் உதவாது. தையல் இல்லாத, குளிர்நிலையில் இழுத்த எஃகுக் குழாய் வேண்டும். தலைமை வளைவுக்கு 45 மில்லிமீட்டர் விட்டமும் 2.5 மில்லிமீட்டர் கனமும், அல்லது 50-க்கு 2 கனமும் குறைந்த அளவு என்பது அனைத்துலக மோட்டார் சம்மேளனத்தின் விதி. வளைக்கும் இடத்தில் குழாய் நசுங்கவோ சுருங்கவோ கூடாது. வளைவின் ஆரம் குழாய் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். மணல் நிரப்பி, நெருப்பில் காட்டி, முழங்காலில் வைத்து வளைக்கிற வேலை இதுவல்ல.

அடுத்தது கால்கள். பலரும் தவறுவது இங்கேதான். வளைவு எத்தனை உறுதியாக இருந்தாலும் அது நிற்பது காரின் தரைத் தகட்டில். அந்தத் தகடோ பிஸ்கட் டின்னைவிடக் கொஞ்சம் தடிப்பு, அவ்வளவுதான். கார் புரளும்போது அந்தக் கால் கத்தி மாதிரித் தரையைக் குத்திக் கீழே இறங்கிவிடும். அதனால்தான் ஒவ்வொரு காலுக்கும் குறைந்தது 3 மில்லிமீட்டர் கனத்தில், 120 சதுர சென்டிமீட்டர் பரப்பில் தாங்குதகடு கேட்கிறார்கள். 10-க்கு 12 சென்டிமீட்டரில் வெட்டினால் கணக்கு சரி. காலுக்கு மூன்று போல்ட், 8 மில்லிமீட்டருக்குக் குறையாமல், தலையில் 8.8 என்று பொறித்தது. எண் பொறிக்காத போல்ட் மலிவாகத்தான் கிடைக்கும். அதைக் கதவுக் கொண்டிக்கு வைத்துக்கொள். காலுக்கும் தரைக்கும் நடுவே கம்பளத்தை விட்டுவிடாதே. நாளடைவில் கம்பளம் அமுங்கும், போல்ட் தளரும். தரையில் துரு இருந்தால் முதலில் அதைப் பார். பழைய துணிக்கூரைக் கார்களில் மழைநீர் இறங்கி மூலைகள் அரித்திருப்பது சகஜம்.

உன் காரில் பெட்ரோல் டாங்கி இருக்கைகளுக்குப் பின்னால் மிக அருகில் இருக்கிறது. துளை போடும் முன்னும் வெல்டிங் பற்றவைக்கும் முன்னும் டாங்கியும் அதன் குழாய்களும் எங்கே ஓடுகின்றன என்று குனிந்து பார்த்துவிடு. பேட்டரியைக் கழற்றிவிடு.

உயரத்தைப் பார்க்க ஒரு நேரான கம்பு போதும். தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, வாரை இறுக்கி, நேராக உட்கார். நண்பனைக் கூப்பிட்டு, கம்பின் ஒரு முனையை வளைவின் உச்சியிலும் மறுமுனையை முன்கண்ணாடிச் சட்டத்தின் உச்சியிலும் வைக்கச் சொல். தலைக்கவசம் அந்தக் கம்புக்குக் கீழே, இரண்டு அங்குல இடைவெளியோடு இருக்க வேண்டும். கம்பை முட்டினால் இருக்கையைத் தாழ்த்து, அல்லது உயரமான வளைவு வாங்கு. துணிக்கூரை மூடவில்லையே என்று வளைவைக் குட்டையாக்கியவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது நகைக்காக மூக்கை அறுக்கும் கதை.

வளைவு மட்டும் தனியாக வேலை செய்யாது. தோளை இறுக்கும் பந்தய வார், அதைத் தாங்கும் இருக்கை, தலைக்கவசம் எல்லாம் ஒரே குடும்பம். வளைவே இல்லாமல் பந்தய வாரை மட்டும் மாட்டினால் நிலைமை இன்னும் மோசம். கார் புரளும்போது வார் உன்னை நிமிர்ந்தபடியே பிடித்து வைத்திருக்கும். கூரையின் பாரம் கழுத்தில் இறங்கும். உலகப் பேரணிப் பந்தயத்தில் 2002-இல் நம் நாட்டுக் கரம்ஜித் சிங் புரோட்டோன் காரில் பட்டம் வென்றபோது, அவரைச் சுற்றி இருந்தது முழு இரும்புக் கூண்டு. நீ போடப்போவது அதில் பாதிகூட இல்லை. பக்கவாட்டு மோதலில் இதனால் பெரிதாகப் பயனில்லை என்பதையும் தெரிந்துகொள்.

இனி அம்மாவின் கடைசி வரிக்கு வருகிறேன். கடிதத்தில் என் தூக்கத்தைக் கெடுத்தது அதுதான். திடலில் உன் தலையில் கவசம் இருக்கும். கூட்டரசு நெடுஞ்சாலையில் உன் தங்கையின் தலையில் என்ன இருக்கும்? பூவும் ஹேர்பின்னும். பின்னால் வரும் லோரி ஒன்று இடித்தால் இருக்கை பின்னுக்குச் சாயும். தலை போய் மோதுவது அந்த இரும்பில்தான். கையால் அழுத்தினால் அமுங்குகிற குளிர்சாதனக் குழாய் உறையைச் சுற்றிவிட்டு 'மெத்தை போட்டாச்சு' என்று சொல்லாதே. பந்தயத்துக்கென்றே செய்த கெட்டியான காப்பு நுரை இருக்கிறது. கட்டையைத் தொடுவது போல இருக்கும், மோதலில்தான் அது இளகும். அதைப் போட்டாலும் கவசமில்லாத தலைக்கு அது அரைகுறைப் பாதுகாப்பே. காரில் வந்த சாதாரண வாரைக் கழற்றிவிடாதே. சாலையில் அதைத்தான் கட்ட வேண்டும். என்னைக் கேட்டால், வளைவு ஏறிய நாளிலிருந்து தங்கை கொமுட்டர் இரயிலில் போகட்டும். கிள்ளானில் ஏறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ்தானே!

சாலையில் ஓடும் காரின் அமைப்பை மாற்றுவதற்கு முன் சாலைப் போக்குவரத்து இலாகாவில் கேட்டு அனுமதி பெற்றுக்கொள். காப்புறுதி நிறுவனத்துக்கும் தெரியப்படுத்து. பந்தயத்தில் ஏற்படும் சேதத்துக்குச் சாதாரணக் காப்புறுதி பணம் தராது என்பதைத் தாயாரும் அறிந்திருக்க வேண்டும்.

பணம் கொடுக்கலாமா? கொடுங்கள் அம்மா. மறைத்து ஓட்டுகிற பிள்ளைகளுக்கு நடுவில், உங்களிடம் வந்து கேட்டிருக்கிறான். சாலையில் முறுக்குவதைவிடத் திடலில் ஓட்டுவது எவ்வளவோ மேல். ஆனால் முதல் பணம் தலைக்கவசத்துக்கு, அடுத்தது இருக்கைக்கும் வாருக்கும், அப்புறம் வளைவுக்கு. மூன்றும் சேரும் வரை திடலுக்குப் போகக் கூடாது என்று சொல்லிவிடுங்கள். அந்தக் காருக்கென்றே அளவெடுத்துச் செய்து விற்கும் வளைவு கிடைக்கிறது. சில ஆயிரம் வெள்ளி ஆகும். அதை வாங்கி முறையாகப் பூட்டுவதுதான் நல்லது. அவனே செய்வதாகப் பிடிவாதம் பிடித்தால், வெல்டிங்கை அவன் கையில் விடாமல் தேர்ந்த கையிடம் கொடுக்கச் சொல்லுங்கள். செந்தூல் இரயில்வே பட்டறையில் வேலை பழகிய நம்மவர்கள் சிலர் ஓய்வு பெற்று இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். வேலை முடிந்ததும் நீங்களே போய் அந்தக் கம்பைப் பிடித்துப் பாருங்கள் அம்மா. இரண்டு அங்குலம் இருக்கிறதா என்று பார்க்க இஞ்சினியர் தேவையில்லை.

அடுத்த இதழில், மழைக்காலத்தில் தேய்ந்த டயர்.