அடுக்குப் பாராத அரங்கேற்றம்
கணினி விளையாட்டின் வரவேற்பும் நமது விமர்சனக் கடமையும்

தமிழ்த் திறனாய்வுலகில் விநோதமானதொரு மௌனம் நிலவுகின்றது. நாவல், சிறுகதை, கவிதை, நாடகம், திரைப்படம் ஆகியன பற்றி ஆய்வரங்குகள் கூடுகின்றன, மலர்கள் வெளிவருகின்றன, வாதப் பிரதிவாதங்கள் எழுகின்றன. ஆயின், இளந்தலைமுறையினரின் பொழுதையும் கற்பனையையும் பெருமளவு ஆட்கொண்டுவிட்ட கணினி விளையாட்டைப் பற்றி நம் ஆய்வாளர் வாய்திறப்பதில்லை. காரணம் கேட்டால், அது பிள்ளைகளின் பொழுதுபோக்கு, அதற்கு ஏன் திறனாய்வு என்பர் ஒரு சாரார். அது மேனாட்டு வணிகப் பண்டம், அதன் தரத்தை மேனாட்டு இதழ்களே புள்ளியிட்டுக் கூறிவிடுகின்றன, நாம் கூறுதற்கு யாதுளது என்பர் மற்றொரு சாரார். முன்னையது அறியாமையின் விளைவு. பின்னையது அடிமைப் புத்தியின் விளைவு. இரண்டையும் மறுப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மறுப்புக்குச் சான்றாக எடுத்துக்கொள்வது, 2020ஆம் ஆண்டு டிசெம்பர் 10ஆம் திகதி வெளியான ‘சைபர்பங்க் 2077’ என்னும் விஞ்ஞானப் புனைவு விளையாட்டு விமர்சகராலும் ஆடுவோராலும் வரவேற்கப்பட்ட வரலாறாகும். அளவுகோலாகக் கொள்வது, மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் அமைந்த பழுகாமம் போன்ற ஊர்களின் கூத்துக் களரியாகும். போலந்து நாட்டுக் கொம்பனியொன்றின் ஆக்கத்தைப் படுவான்கரைக் களரியால் அளப்பதா என நகைப்போர் உளர். அவர்கட்கு ஒன்று நினைவூட்டலாம். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் 1926இல் வெளிவந்த மதங்க சூளாமணியில் ஆங்கில நாடகாசிரியரைச் செகசிற்பியார் எனத் தமிழ்ப்படுத்தி, அவருடைய பன்னிரு நாடகங்களைத் தமிழ் நாடக மரபோடு ஒப்பவைத்து ஆராய்ந்தார். அயலார் ஆக்கத்தை நம் அளவுகோலால் அளக்கும் துணிவு கிழக்கிலங்கைக்குப் புதியதன்று.

பொழுதுபோக்கு என ஒதுக்குவோர் வரலாற்றை மறந்தவர்கள். கூத்தும் ஒருகாலத்திற் பாமரர் ஆட்டமெனக் கற்றோரால் இகழப்பட்டதே. பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு 1962இல் கர்ணன் போர், 1963இல் நொண்டி நாடகம், 1964இல் இராவணேசன், 1968இல் வாலிவதை என அடுத்தடுத்து மேடையேற்றிய பின்னரே, நகரத்துப் படிப்பாளிகள் பலர் அதனைக் கலையென ஏற்றனர். விடிய விடிய ஆடப்பட்டது சுருக்கப்பட்டதும், வட்டக்களரியில் நிகழ்ந்தது படச்சட்ட மேடைக்குப் பெயர்ந்ததும் சரியா என்ற வாதம் இன்றும் ஓயவில்லை. அவ்வாதமே அக்கலையின் உயிர்ப்புக்குச் சான்று. இகழப்பட்ட ஒன்றை வாதத்துக்குரியதாக்குவது பல்கலைக்கழகத்தின் பணி, இகழ்ச்சியை வழிமொழிவதன்று.

இனிச் சான்றுக்கு வருவோம். மைக் பொன்ட்ஸ்மித் என்னும் அமெரிக்கர் 1988இல் வெளியிட்ட, மேசையைச் சுற்றியிருந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டமொன்றே இதன் மூலம். அதனைக் கணினி விளையாட்டாக்கப் போவதாகச் சி.டி. புறொஜெக்ட் என்னும் போலந்துக் கொம்பனி 2012இல் அறிவித்தது. பெருங்கொம்பனிகள் அரசினும் வலிமை பெற்று, மனித உடலையும் நினைவையும் விலைப்பொருளாக்கிவிட்ட எதிர்கால நகரமொன்று கதைக்களம். ஆடுபவர் வீ என்னும் பாத்திரத்தை ஏற்கிறார். இறந்துபோன கலகக்காரன் ஒருவனின் நினைவுகள் பொதிந்த சில்லு அப்பாத்திரத்தின் தலையுட் சேர்ந்து, அதன் உயிரைச் சிறுகச் சிறுக அழிக்கிறது. சண்டையும் ஓட்டமும் மட்டுமன்றி, யாரை நம்புவது, எதனை விற்பது, எவ்வாறு இறப்பது என்னும் தெரிவுகளும் ஆடுபவர் கையில் உள்ளன. ஆழமான பொருள்தான், ஐயமில்லை.

வெளியீட்டுத் திகதி 2020 ஏப்பிரலிலிருந்து செப்ரெம்பருக்கும், நவம்பருக்கும், டிசெம்பருக்குமாக மும்முறை பின்போடப்பட்டது. எண்பது இலட்சம் பிரதிகளுக்கு முன்கூட்டியே பணம் கட்டப்பட்டிருந்தது. வெளியீட்டுக்குச் சில நாள் முன்னதாக வந்த முதல் விமர்சனங்கள் புகழ்மாலை சூட்டின. விமர்சகர் புள்ளிகளைத் தொகுத்துச் சராசரி கூறும் மெற்றாகிறிற்றிக்கில் நூற்றுக்குத் தொண்ணூறை ஒட்டிய புள்ளி கிடைத்தது. ஆனால் அவ்விமர்சகர்களுக்குக் கொடுக்கப்பட்டது மேசைக் கணினிக்கான பதிப்பு மட்டுமே. தாம் ஆடியபோது பதிவுசெய்த காட்சிகளை முதல் விமர்சனத்தோடு காட்டவும் அவர்களுக்கு அனுமதியிருக்கவில்லை. 2013இல் வெளிவந்த பிளேஸ்ரேசன் 4, எக்ஸ்பொக்ஸ் வன் ஆகிய கருவிகளை வைத்திருந்தோர் டிசெம்பர் 10ஆம் திகதி கண்டது வேறோர் ஆட்டம். உருவங்கள் கலைந்தன, இயக்கம் தடைப்பட்டது, ஆட்டம் பாதியில் அறுந்தது. அதே தொகுப்பில் அப்பதிப்புகளின் புள்ளி அறுபதை ஒட்டிச் சரிந்தது. டிசெம்பர் 18ஆம் திகதி சொனி நிறுவனம் தன் இணையக் கடையிலிருந்தே ஆட்டத்தை அகற்றி, வாங்கியோருக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க முன்வந்தது. 2021 யூன் 21 வரை அது அங்கு மீளவில்லை.

இந்நிகழ்ச்சியைக் களரியின் கண்கொண்டு நோக்குவோம். மட்டக்களப்பிற் கூத்து ஒரே நாளிற் பிறப்பதில்லை. ஊர்ப் பெரியோரும் அண்ணாவியாரும் கூடி, குரலும் உடலும் நோக்கி, இன்னார்க்கு இன்ன பாத்திரமென வகுத்துச் சட்டங் கொடுக்கின்றனர். கிழமைக் கூத்துகள் நடக்கின்றன. சதங்கை அணிகின்றனர். அடுக்குப் பார்க்கின்றனர். பின்னரே அரங்கேற்றம். இக்காலம் முழுவதிலும் ஊரார் வந்து பார்க்கின்றனர். தாளக்கட்டுப் பிசகினால் முதியோர் அவ்விடத்திலேயே சொல்கின்றனர். அரங்கேற்ற நாளிற் களரியைச் சூழ்ந்திருப்போர், ஆக்கத்தின் வளர்ச்சியை அறிந்த சாட்சிகள். அவ்வகையில் விமர்சனம் அரங்கேற்றத்தின் பின் ஒட்டப்படும் புள்ளியன்று, ஆக்கத்தின் உள்ளுறுப்பு.

வட்டக்களரிக்கு இன்னொரு சிறப்புமுண்டு. சுற்றியிருப்போர் யாவரும் ஒரே கூத்தையே காண்கின்றனர். பாயில் இருப்பவனுக்கு ஒரு கூத்தும் கதிரையில் இருப்பவனுக்கு இன்னொரு கூத்தும் ஆடப்படுவதில்லை. சைபர்பங்க் விடயத்தில் நடந்ததோ நேர்மாறு. விலையுயர்ந்த கருவி உடையோர்க்கு ஓர் ஆட்டம், ஏழாண்டு பழைய கருவி உடையோர்க்கு இன்னோர் ஆட்டம். முன்னையதை மாத்திரம் பார்த்து எழுதப்பட்ட தீர்ப்பு பின்னையோரின் பணப்பையைத் திறப்பதற்குப் பயன்பட்டது. புள்ளி பொய்யன்று என வாதிடலாம். அவ்விமர்சகர் கண்டதற்கு அது பொருந்தலாம். ஆயின், யாருடைய இருக்கையிலிருந்து பார்த்தேன் என்று கூறாத விமர்சனம் பாதி விமர்சனமே. விமர்சகன் வர்க்க நிலையை மறைத்தெழுதுவது நாவலிற் குற்றமெனக் கொண்ட நாம், கருவியின் நிலையை மறைத்தெழுதுவதை இங்கு எவ்வாறு பொறுப்பது?

அப்படியாயின் ஆடுவோரின் தீர்ப்பே மெய்த்தீர்ப்பு என முடிவுகட்டலாமா? கூடாது. வெளியீடு 2020 ஒக்ரோபரிற் பின்போடப்பட்டபோது ஆக்கியோருக்குக் கொலைமிரட்டல் விடுத்தோரும் ‘இரசிகர்’ என்ற பெயரினரே. கேம்ஸ்பொட் என்னும் இதழ் பத்துக்கு ஏழு புள்ளி வழங்கியபோது, ஆட்டத்தைக் கண்ணாலும் காணாதோர் அவ்விமர்சகரை வசைபாடினர். ஆட்டத்தின் ஒளித்துடிப்பு வலிப்பை உண்டாக்கக்கூடும் எனத் தன் அனுபவத்தைக் கூறி எச்சரித்த மற்றொரு விமர்சகரும் தாக்கப்பட்டார். அவ்வெச்சரிக்கையாலேயே கொம்பனி பின்னர் திருத்தம் செய்தது. பணங்கட்டிக் காத்திருந்தவன் தன் ஆசையைக் காக்க விழைகிறான். அவன் புகழ்ச்சியும் சினமும் அவ்வாசையின் இருமுகங்கள். நுகர்வோன் வேறு, சுவைஞன் வேறு. கடையிற் பணத்தைத் திரும்பப் பெறுவது உரிமை. அதனை விமர்சனமெனக் கொள்வது மயக்கம்.

எனினும், ஆடுவோர் குரல் வெறும் கூச்சல் எனத் தள்ளிவிடவும் இயலாது. கனடாவின் பயோவெயார் நிறுவனம் 2012 மார்ச்சில் வெளியிட்ட ‘மாஸ் எபெக்ற் 3’ என்னும் விண்வெளிக் கதையின் முடிவை விமர்சகர் பலர் பொறுத்துக்கொண்டனர்; ஆடுவோர் பொறுக்கவில்லை. மூன்று பாகங்களாகத் தாம் செய்துவந்த தெரிவுகள் யாவும் முடிவிற் பொருளற்றுப் போயின என்பது அவர்களின் முறையீடு. அதே ஆண்டு யூன் மாதத்தில் நிறுவனம் விரித்துரைத்த முடிவை வெளியிட நேர்ந்தது. கலைஞனின் சுதந்திரம் பறிபோயிற்றெனச் சிலர் ஓலமிட்டனர். களரியை அறிந்தோர்க்கு இதில் வியப்பில்லை. பாத்திரமேற்று ஆடியவனுக்கு அப்பாத்திரத்தின் மீது ஓர் உரித்து உண்டு. நாவல் வாசகனுக்கில்லாத அவ்வுரித்தே இக்கலைவடிவத்தின் தனித்தன்மை. அதனை விளக்குதற்கு மேனாட்டுக் கொள்கைகள் தடுமாறுகின்றன. ஆடுபவனும் பார்ப்பவனும் ஒரே ஊரவராய் வாழும் கூத்து மரபு நமக்குத் துணைநிற்கக்கூடும்.

அடுத்து வருவதே இவ்வரலாற்றின் மிகப்பெரிய புரட்டு. சைபர்பங்க் ‘வீழ்ந்து எழுந்தது’ என இன்று எங்கும் கதை கூறப்படுகின்றது. 2022 செப்ரெம்பரில் வந்த அசைபடத் தொடர் ஆடுவோரை மீண்டும் ஈர்த்தது. 2023 செப்ரெம்பரில் இரண்டாம் பதிப்பெனத்தக்க பெருந்திருத்தமும், ‘பான்ரம் லிபேட்டி’ என்னும் விரிவும் வெளிவந்து பெரும் பாராட்டைப் பெற்றன. ஆக்கம் செம்மையுற்றது உண்மை, உழைத்தோர் பாராட்டுக்குரியர். ஆயின் ஒரு கேள்வி: இச்செம்மை யாரைச் சென்றடைந்தது? அவ்விரிவும் பெருந்திருத்தமும் பிளேஸ்ரேசன் 4க்கும் எக்ஸ்பொக்ஸ் வன்னுக்கும் வெளியிடப்படவேயில்லை! எவரிடம் உடைந்த ஆட்டம் விற்கப்பட்டதோ அவர்களைத் தவிர ஏனையோர்க்குப் பரிகாரம் கிடைத்தது. பணத்தைத் திரும்பப் பெறாது நம்பியிருந்தவன், புதிய கருவி வாங்கினாலன்றி அந்த ‘எழுச்சி’யைக் காணான். அமெரிக்காவிற் பங்குதாரர் தொடுத்த வழக்கு 18 இலட்சத்து 50 ஆயிரம் டொலருக்கு இணக்கமாயிற்று. அங்கு எண்ணப்பட்டது பங்கின் விலை, ஆடுவோனின் ஏமாற்றமன்று. வீழ்ச்சியும் எழுச்சியும் கொம்பனிக்கு உரியன. அதனை ஆடுவோரின் வரலாறாக எழுதுவது, விமர்சனம் விளம்பரத்துக்குக் கூலியாகும் நிலை.

இன்னொன்றையும் மனங்கொள்ள வேண்டும். கொம்பனிகளின் ஆதிக்கத்தைக் கண்டிக்கும் இக்கதையை ஆக்கியோர், 2020இன் இறுதி மாதங்களில் வாரத்துக்கு ஆறு நாள் கட்டாயமாக வேலைசெய்ய நேர்ந்தது. கட்டாய மேலதிக வேலை இராதென அதே கொம்பனி முந்திய ஆண்டு வாக்களித்திருந்தது. ஆக்கத்தின் பொருளுக்கும் ஆக்கப்படும் முறைக்கும் இடையிலான இம்முரண்பாடு, புள்ளியிடும் விமர்சனத்தின் கண்ணுக்குத் தப்பிவிடுகிறது. தொண்ணூறு என்ற எண்ணுள் யாருடைய உறக்கம் அடங்கியுள்ளது என்று அது கேட்பதில்லை.

கூத்துக் களரியைப் பொன்னுலகமாகக் காட்டுவது என் எண்ணமன்று. யார் ஆடலாம், யார் எப்பாத்திரம் ஏற்கலாம் என்பதைச் சாதி தீர்மானித்தது. மரபுவழிக் களரியிற் பெண் பாத்திரத்தையும் ஆணே ஆடினான். ஆகவே பழைமைக்குத் திரும்புக என்பதன்று இங்கு கூறப்படுவது. ஆக்கத்தை வளரும்போதே பார்த்தல், ஒரே ஆட்டத்தை யாவரும் காணல், அறிந்தோர் முகத்துக்கு நேரே குறைகூறல் என்னும் மூன்று நெறிகளை அக்களரி நமக்குத் தந்துள்ளது. குறைகளைக் களைந்து அந்நெறிகளைக் கையேற்பதே அறிவுடைமை.

இதனால் நமக்கென்ன எனக் கேட்போர் பழுகாமத்துக்கோ அதன் அயலூர்களுக்கோ ஒருமுறை சென்றுவரட்டும். திரௌபதை அம்மன் சடங்குக் காலத்திற் பாரதக் கதையோடு வளரும் பிள்ளைகளின் கைகளிலும் இன்று கைப்பேசி விளையாட்டு உண்டு. ஒரு பாத்திரத்தை ஏற்று, அதன் துயரையும் வெற்றியையும் தம்முடையதாக்கும் ஆற்றல் அவர்கட்கு மரபாக வாய்த்தது. ஆயின் தாம் ஆடுவதைப் பற்றிச் சிந்திப்பதற்கும் பேசுவதற்கும் வேண்டிய சொற்களைத் தமிழில் நாம் அவர்கட்கு வழங்கவில்லை. சைபர்பங்க் பல மொழிகளிற் பேசுகிறது. அவற்றுட் தமிழ் இல்லை. அதனைப் பற்றிய விமர்சனமும் தமிழில் இல்லாதுபோனால், ஆட்டமும் பிறமொழியில், அதன் தீர்ப்பும் பிறமொழியில் என்றாகும். கற்பனையின் ஒரு பெரும்பகுதி தாய்மொழிக்கு வெளியே குடிபெயர்ந்துவிடும். மொழிப்பற்றை மேடையில் முழங்கும் சங்கங்கள் இவ்விழப்பைக் காணாதிருப்பது பரிதாபத்துக்குரியது.

எனவே பல்கலைக்கழகத் தமிழ்ச் சங்கங்கள் செய்யவேண்டியன தெளிவு. நாவலுக்கும் நாடகத்துக்கும் ஒதுக்கும் பக்கங்களில் ஒரு பகுதியைக் கணினி விளையாட்டுக்கும் ஒதுக்குக. புள்ளியை விடுத்துப் பொருளை எழுதுக. எந்தக் கருவியில் ஆடப்பட்டது, எவ்வளவு ஆடப்பட்டது, யார் உழைப்பில் உருவாயிற்று, ஆடுவோர்க்கு எத்தகைய தெரிவுகளை வழங்கிற்று, யாரை வெளியே நிறுத்திற்று என்பனவற்றைக் கூறாத விமர்சனத்தை ஏற்காதிருக்க. வந்தாறுமூலையிலும் கல்லடியிலும் கூத்தைப் பயிலும் மாணவரும், கணினியைப் பயிலும் மாணவரும் ஒரே வட்டத்தில் இருந்து இவை பற்றி வாதிடுக. அடுக்குப் பாராது அரங்கேறியது ஓர் ஆட்டம் மட்டுமன்று. அதற்குப் புள்ளியிட்ட விமர்சனமும் அவ்வாறே அரங்கேறியது. நம் விமர்சனமாவது அடுக்குப் பார்த்து அரங்கேறட்டும்.