தானம் வந்த மாட்டின் பல்லைப் பார்ப்போம்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது எம்மவர் வாக்கு. இடம்பெயர்ந்தும் மீளக்குடியமர்ந்தும் வாழும் எமது குடும்பங்களுக்கு வாழ்வாதார உதவி என்ற பெயரில் மாடுகள் வழங்கப்படும்போது இப்பழமொழியைச் சற்றுத் தள்ளிவைக்க வேண்டும் என்பதே எமது எண்ணம். பல்லைக் கட்டாயம் பார்க்க வேண்டும்.

ஆனால் மேல்வாயில் முன்பற்களைத் தேட வேண்டாம். பல்லில்லாத மாட்டைத் தந்து ஏமாற்றிவிட்டார்கள் என்று எவரோடும் சண்டைக்குப் போகவும் வேண்டாம். எந்த மாட்டுக்கும் ஆண்டவர் அங்கே முன்பல் வைக்கவில்லை. கெட்டியான முரசு மட்டுந்தான். கீழ்வாயில் எட்டு முன்பற்கள் உண்டு. ஏறக்குறைய 2 வயதில் நடுவிலுள்ள இரண்டு பாற்பற்கள் விழுந்து பெரிய பற்கள் முளைக்கும். 4, 5 வயதளவில் எட்டும் நிறைந்துவிடும். பின்னர் தேயத் தொடங்கும். பத்திரத்தில் "இளம் பசு" என்று எழுதியிருந்தாலும் பல் பொய் சொல்லாது.

மாட்டுக்கு நாலு வயிறு என்பார்கள். உண்மையில் வயிறு ஒன்று, அறைகள் நான்கு. முதலாவது அறை ஒரு பெரிய பீப்பாய். அவசரமாகப் புல்லை அதற்குள் தள்ளிவிட்டு, பின்னர் ஆறுதலாகப் படுத்திருந்து, தின்றதை வாய்க்கு மீட்டெடுத்து மெல்லும். நாளொன்றுக்கு 6 முதல் 8 மணித்தியாலம் வரை இந்த வேலைதான். எமது அபிவிருத்திக் கூட்டங்கள் சிலவற்றிலும் மென்றதையே திரும்ப மெல்லுகிறோம். ஆனால் அங்கே பால் வருவதில்லை. நாம் தின்ன முடியாத வைக்கோலை மாடு தின்று வாழ்வதற்கும் அந்தப் பீப்பாய்க்குள் குடியிருக்கும் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களே காரணம். இருந்தாலும் வைக்கோலை மாத்திரம் போட்டுவிட்டுச் செம்பு நிறையப் பால் எதிர்பார்க்கக்கூடாது. குழையும் பிண்ணாக்கும் தவிடும் சேரவேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். மாடொன்று தன் நிறையில் ஏறக்குறைய பத்திலொரு பங்கு பச்சைப் புல்லை நாளொன்றுக்குத் தின்னும். 200 கிலோ ஊர்ப்பசுவுக்கு 20 கிலோ. 350 கிலோ கலப்பின ஜேர்சிக்கு 35 கிலோ. கறவைப் பசு எமது வெயிலில் 50 லீற்றர் தண்ணீரைக்கூடக் குடித்துவிட்டு இன்னும் இருக்கிறதா என்று பார்க்கும். இரண்டு பரப்புக் காணியில், பவுசர் தண்ணீரை வாளியால் அளந்து குடிக்கும் குடும்பத்திடம் இப்படியொரு விருந்தாளியைக் கொண்டுவந்து கட்டினால் யார் யாரை வளர்ப்பது? பார்வோன் கனவில் மெலிந்த பசுக்கள் ஏழு, கொழுத்த பசுக்கள் ஏழையும் தின்றும் மெலிந்தே இருந்தன என்று தொடக்க நூல் சொல்கிறது. சில திட்டங்களின் கதையும் அதுவே.

இன்னொரு விடயம். பசு கன்று போட்டால்தான் பால். இது எமது சிறுவருக்கும் தெரியும். ஆயினும் திட்டம் எழுதுவோர் சிலர் இதை மறந்துவிடுகிறார்கள். ஒரு வயது நாகொன்றைக் கொடுத்தால், அது பருவத்துக்கு வந்து, சினைப்பட்டு, ஏறக்குறைய 280 நாள் சுமந்து கன்று ஈன, நல்ல பராமரிப்பு இருந்தாலும் ஒன்றரை, இரண்டு வருடம் ஓடிவிடும். மாட்டைக் கடனுக்குத் தந்தவர் தவணையைக் கேட்டு அடுத்த மாதமே படலையில் நிற்பார். அவருக்குச் சாணத்தையா கொடுப்பது? கன்று ஈன்ற பிறகும் கடும்புப் பால் முதலில் கன்றுக்குத்தான். நோயைத் தடுக்கும் சக்தி அதற்கு முதற் சில மணித்தியாலங்களில் குடிக்கும் அந்தப் பாலிலிருந்தே கிடைக்கிறது. சர்க்கரை போட்டுக் கடும்பு காய்ச்சும் ஆசையைக் கன்றின் வயிறு நிறைந்த பிறகு வைத்துக்கொள்வோம்.

மாடு வளர்க்க எமது மக்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியதில்லை. வன்னியிலும் மட்டக்களப்பிலும் பட்டி பட்டியாக வைத்து, குறிசுட்டு, ஒவ்வொன்றையும் நடையிலேயே அடையாளம் கண்டவர்கள். அவர்களிடம் இல்லாதது அறிவல்ல, தரை. 1990 இல் வலிகாமம் வடக்கிலிருந்து வெளியேறிய குடும்பங்களில் ஒரு பகுதியினர் இன்றும் தம் காணிக்குப் போக முடியாதிருக்கின்றனர். மயிலத்தமடு, மாதவனை மேய்ச்சற்றரைகளில் வெளியார் அத்துமீறிப் பயிர்செய்வதை எதிர்த்து மட்டக்களப்புப் பண்ணையாளர் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கினர். அவர்கள் எவரிடமும் மாடு கேட்கவில்லை. இருக்கும் மாடு நின்று மேய இடம் கேட்டார்கள். மாட்டை விநியோகிப்பது சுலபம், மேய்ச்சற்றரையை மீட்டுக்கொடுப்பது கடினம். ஆதலால்தான் பலர் மாட்டை விநியோகிக்கிறார்கள் என்று நாம் சொன்னால் கோபிக்க வேண்டாம்.

எனவே மாடு தருகிறோம் என்று யாராவது வந்தால், கையெழுத்து வைக்க முன்னர் கேளுங்கள்: புல் எங்கே, தண்ணீர் எங்கே, மிருக வைத்தியர் எத்தனை மைலில், பால் சேகரிப்பவர் எந்த வழியால் வருவார்? பதில் இல்லையென்றால் இரண்டு ஆடு கேளுங்கள். ஆடு வேலிக்குழையோடு சமாளிக்கும். அடுத்த வீட்டுக் கத்தரியையும் சேர்த்துச் சமாளிக்கும் என்பது வேறு கதை. பதில் இருந்தால் பல்லைப் பாருங்கள், மடியைத் தடவிப் பாருங்கள். கறவைப் பசு என்று சொன்னால் கன்றையும் கொண்டுவரச் சொல்லி, உங்கள் முன்னால் கறந்து காட்டச் சொல்லுங்கள். அவர்கள் படம் எடுப்பதானால் அப்போது எடுக்கட்டும்.