மீட்கத் தெரியாதவருக்கு நிபுணர் பட்டமா?

விழுந்த சர்வரைத் தூக்கி நிறுத்தத் தெரியுமா என்று சோதிக்காமலேயே லினக்ஸ் நிர்வாகத்தில் உயர்நிலைச் சான்றிதழ் வழங்கப்படுகிறது. இதை வன்மையாகக் கண்டிக்கிறோம்.

லினக்ஸ் சான்றிதழ் வழங்கும் எல்.பி.ஐ. அமைப்பின் உச்சப்படி எல்.பி.ஐ.சி.-3. 90 நிமிடம், 60 கேள்வி. சரியான விடையைத் தேர்ந்தெடுக்கலாம், அல்லது கோடிட்ட இடத்தை நிரப்பலாம். சர்வரைத் தொடவே வேண்டாம். ரெட் ஹாட் நிறுவனம் அப்படியல்ல. கணினி முன் உட்காரவைத்து, இணையம் இல்லாமல் வேலை வாங்குகிறது. அந்த முறையை மதிக்கிறோம். ஆனால் 2019இல் அதன் நிபுணர் நிலைத் தேர்வான ஆர்.எச்.சி.இ.யை அன்சிபிள் என்ற தானியக்கக் கருவியை மையமாக வைத்து மாற்றினார்கள். டி.என்.எஸ்., மெயில், ஐஸ்கஸி ஆகியவற்றைக் கைப்பட அமைக்கும் வேலைகள் போய்விட்டன. பூட் ஆவதை இடைமறித்து ரூட் பாஸ்வேர்டை மீட்பது கீழ்ப்படியான ஆர்.எச்.சி.எஸ்.ஏ.வில் இருக்கிறது. பழுது கண்டறிவதற்கென்றே ஈ.எக்ஸ்.342 என்று தனித்தேர்வும் வைத்திருக்கிறார்கள். அதை எழுதாமலே நிபுணர் ஆகிவிடலாம் என்பதுதான் கொடுமை.

நூறு சர்வர்களை ஒரே பிளேபுக்கில் அமைக்கத் தெரிய வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் அன்சிபிள் லினக்ஸ் சர்வரை எட்டுவது பொதுவாக எஸ்.எஸ்.எச். வழியே. நெட்வொர்க் எழாத, பூட் ஆகாத இயந்திரத்தின் முன் அது செயலற்றது.

அந்தமான் நிக்கோபாரில் இருப்பவர்களுக்கு இது ஏட்டுச் சண்டை அல்ல. 2020 ஆகஸ்ட் 10 அன்று, சென்னையிலிருந்து இங்கே வரும் ஏறத்தாழ 2,300 கி.மீ. நீளக் கடலடிக் கேபிள் திறக்கப்பட்டது. அதுவரை செயற்கைக்கோள்தான் கதி. கேபிள் நடுக்கடலில் அறுந்தால் பழுதுபார்க்கக் கப்பல் வர வேண்டும். அந்த நாளில் கிரேட் நிக்கோபாரின் கேம்பல் பேயில் ஒரு சர்வரின் ஃபைல் சிஸ்டம் சிதைந்தால், தேடிப் பார்க்கக் கூகுள் இருக்காது, பேக்கேஜ் இறக்க மிரர் கிடைக்காது, மாற்று டிஸ்க் கப்பலில்தான் வரும். அங்கிருக்கும் ஒற்றை அட்மின் தன் கையில் உள்ள மீட்பு யு.எஸ்.பி.யையும், மேன் பக்கங்களையும், முன்பே சேர்த்துவைத்த உள்ளூர்க் களஞ்சியத்தையும் கொண்டுதான் சமாளிக்க வேண்டும். அவருடைய சான்றிதழ் இதில் எதற்கு உத்தரவாதம் தருகிறது?

நிபுணர்கள் கூப்பிடு தூரத்தில் இருக்கும் தில்லியிலேயே என்ன நடந்தது? 2022 நவம்பரில் எய்ம்ஸ் மருத்துவமனையின் ஐந்து சர்வர்கள் தாக்கப்பட்டு, சுமார் 1.3 டெராபைட் தரவு முடக்கப்பட்டது. நெட்வொர்க்கைச் சரியாகப் பிரித்து வைக்காததே காரணம் என்று நாடாளுமன்றத்தில் அரசே சொன்னது. நாள்கணக்கில் நோயாளிகளின் பதிவுகளைக் கையால் எழுதினார்கள். இப்படி முடங்கும்போது கைகொடுக்க வேண்டியது பேக்கப்தான். ஆனால் பேக்கப் எடுத்தேன் என்று சொல்வது யாருக்கும் எளிது. அந்தப் பேக்கப்பை வெற்று டிஸ்க்கில் இறக்கி, தரவு முழுமையாக வந்ததா என்று சரிபார்த்துக் காட்டச் சொல்லும் தேர்வே வேண்டும்.

எல்.பி.ஐ. தன் மூன்றாம் படியில் செய்முறைத் தேர்வைக் கட்டாயமாக்க வேண்டும். கிரப் அழிந்த, ரெய்டில் ஒரு டிஸ்க் செத்த, எல்.வி.எம். குழம்பிய இயந்திரத்தைக் கொடுத்து, இணையம் இல்லாமல் மீட்கச் சொல்ல வேண்டும். ரெட் ஹாட் பழுது கண்டறியும் தேர்வை ஆர்.எச்.சி.இ. பட்டத்தின் பகுதியாக்க வேண்டும். அடுத்த பதிப்பிலேயே இது நடக்க வேண்டும். அதுவரை, இத்தீவுகளின் நிர்வாகம் சர்வர் பராமரிப்புக்கு ஆள் எடுக்கும்போது சான்றிதழை மட்டும் பார்த்துக் கையெழுத்திடக் கூடாது. நெட்வொர்க் கேபிளைக் கழற்றிவிட்டு, பழுதான சர்வர் ஒன்றை முன்னால் வைத்துச் சோதிக்க வேண்டும்.